போர்க்காலக் குற்றக் காமிக்ஸ்: வாங்கும் முன் எண்ண வேண்டிய பக்கங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குற்றக் காமிக்ஸைத் தேடத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது 'கிரைம் டஸ் நாட் பே', இதழ் 1. அப்படி ஓர் இதழ் வெளிவரவே இல்லை. லெவ் கிளீசனின் பதிப்பகம் 'சில்வர் ஸ்ட்ரீக் காமிக்ஸ்' என்ற சூப்பர் ஹீரோ இதழை 21-ஆம் எண்ணோடு நிறுத்தி, 1942 நடுவில் பெயரை மட்டும் மாற்றி, 22 என்று எண்ணிட்டுக் குற்றக் கதைகளை வெளியிட்டது. புதுப் பத்திரிகை என்று பதிந்தால் சலுகைத் தபால் உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அந்தக் காலப் பதிப்பாளர்கள் பலர் இந்தக் குறுக்கு வழியில்தான் போனார்கள். ஆகவே 22-தான் முதல் இதழ். யாராவது 'நம்பர் 1' என்று விற்றால் அது பின்னாளைய மறுபதிப்பு, அல்லது விற்பவருக்கே விஷயம் தெரியாது.

முத்து காமிக்ஸில் காரிகனையும் ரிப் கெர்பியையும் படித்து வந்தவர்களுக்கு இந்த இதழ்கள் கொஞ்சம் அதிர்ச்சி தரும். காரிகன், கெர்பி கதைகள் செய்தித்தாள் தொடர்களாகப் பிறந்தவை, துப்பறிபவர்தான் நாயகன். இங்கே முதல் பக்கத்திலிருந்து கதையை நடத்துபவன் குற்றவாளி. போலீஸ் வந்து சேர்வது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். ஆசிரியர்கள் சார்லஸ் பைரோ, பாப் வுட். 1942 நவம்பர் தேதியிட்ட 24-ஆம் இதழில் 'மிஸ்டர் கிரைம்' அறிமுகமானார்: பேய் போன்ற உருவம், உயரமான தொப்பி, அதன் மேல் 'கிரைம்' என்ற எழுத்து. கொலைகாரனின் காதில் ஓதிக்கொண்டே வாசகனுக்குக் கதை சொல்லும் பாத்திரம் அது. அதே இதழின் அட்டையில் ஒரு பெண்ணின் முகத்தை எரியும் அடுப்பில் அழுத்துகிறான் ஒருவன். இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் போட்டி போடும் அட்டைகளில் அது ஒன்று. புதியவர் அந்தப் போட்டியில் நுழைய வேண்டாம்.

எல்லையை முதலில் வரையுங்கள்

'1940-களின் குற்றக் காமிக்ஸ்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி போருக்குப் பிந்தையது. குற்றக் காமிக்ஸ் அலை உண்மையில் எழுந்தது 1947, 48-இல். 'ஜஸ்டிஸ் டிராப்ஸ் தி கில்ட்டி' 1947. 'ஹெட்லைன் காமிக்ஸ்' 1943-லேயே தொடங்கினாலும் குற்றக் கதைகளுக்குத் திரும்பியது 1947-இல். ஹில்மேன் நிறுவனத்தின் 'க்ளூ காமிக்ஸ்' 1943-இல் தொடங்கி, 'ரியல் க்ளூ கிரைம் ஸ்டோரிஸ்' ஆனது 1947-இல். போர் நடந்த ஆண்டுகளில் உண்மைக் குற்றக் கதைகளை முக்கியமாக நம்பி ஓடிய இதழ் என்றால் 'கிரைம் டஸ் நாட் பே' ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். இரு மாதத்துக்கு ஒன்றாக வந்த அதன் போர்க்கால ஓட்டம் 22 முதல் 42 வரை, 21 இதழ்கள். ஒரு மனிதர் பொறுமையாகச் சேர்க்கக்கூடிய அளவு இது.

பக்கவாட்டில் போக விரும்பினால் வேறு வழிகளும் உண்டு. வில் ஐஸ்னரின் 'தி ஸ்பிரிட்' 1940 ஜூன் 2 முதல் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளோடு 16 பக்க இணைப்பாக வந்தது. அட்டை தனியாகக் கிடையாது, தாள் மெல்லியது, நன்றாக இருப்பது கிடைப்பது அரிது. குவாலிட்டி நிறுவனத்தின் 'போலீஸ் காமிக்ஸ்' 1941 ஆகஸ்டில் தொடங்கியது. பெயரில்தான் போலீஸ், உள்ளே ஜாக் கோலின் 'பிளாஸ்டிக் மேன்' போன்ற வேடிக்கை நாயகர்கள். 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழிலிருந்து பேட்மேனின் வீடு. அந்த விலைகள் வேறு உலகம். தொடக்கத்தில் ஒரே தலைப்பைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒன்றின் தாள், அச்சு, எண்ணிக்கை கைக்குப் பழகினால் மற்றவற்றின் பொய்கள் தானே தெரியும்.

தேதியைப் பார்க்கும்போது அட்டையை மட்டும் நம்பாதீர்கள். உட்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புக் குறிப்பில்தான் சரியான எண்ணும் பதிப்பக முகவரியும் இருக்கும். அட்டைத் தேதி கடைக்கு வந்த நாளைவிட இரண்டு மூன்று மாதம் பிந்தியதாக இருக்கும். அட்டையில் கடைக்காரர் பென்சிலில் எழுதிய தேதியோ முத்திரையோ இருந்தால் அது வந்து சேர்ந்த நாள். அதைக் குறை என்று பலர் அழிக்கப் பார்க்கிறார்கள். அழிக்காதீர்கள்.

வாங்கும் முன் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச் சொத்தாகிவிட்ட பழைய காமிக்ஸை 'டிஜிட்டல் காமிக் மியூசியம்', 'காமிக் புக் பிளஸ்' ஆகிய தளங்கள் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகின்றன. லெவ் கிளீசன் இதழ்கள் பல அங்கே கிடைக்கும். கையில் புத்தகமாக வேண்டுமென்றால் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2012 முதல் கெட்டி அட்டைத் தொகுதிகளாக மறுபதிப்பு வெளியிட்டிருக்கிறது. இரண்டொரு இதழைப் படித்த பின்னும் ஆசை குறையவில்லை என்றால் மேலே போங்கள். இந்தக் கதைகளில் கொடூரம் உண்டு, பெண்களை நடத்தும் விதம் மோசம், போர்க்கால விளம்பரங்களிலும் சித்திரங்களிலும் ஜப்பானியரை இழிவாக வரைந்திருப்பார்கள். தெரிந்து வாங்குவது வேறு, வாங்கிய பிறகு முகம் சுளிப்பது வேறு.

ஸ்கேனுக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு: அதுதான் உங்கள் சரிபார்ப்புப் பட்டியல். வாங்கப்போகும் இதழில் எந்தக் கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கத்தில் கூப்பன் விளம்பரம், நடுப்பக்கத்தில் என்ன படம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிரதியிலேயே பக்கம் விடுபட்டிருக்கலாம் என்பதால் 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' தளத்தில் மொத்தப் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

பக்கம் எண்ணுவது

புதியவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டு தாள் இருக்காது.

போருக்குள் அமெரிக்கா நுழைந்த சமயத்தில் பத்து சென்ட் காமிக்ஸ் பொதுவாக அட்டையோடு சேர்த்து 68 பக்கம். பிறகு போர் உற்பத்தி வாரியம் காகிதத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. பதிப்பாளர்கள் விலையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தைக் குறைத்தார்கள்: 60, பிறகு 52. ஆக, 1944 இதழ் மெலிந்திருப்பதை வைத்துப் பக்கம் குறைகிறது என்று முடிவுகட்ட முடியாது. 1942 இதழ் அதே அளவு மெலிந்திருந்தால் கட்டாயம் குறைகிறது.

எண்ணும் முறை எளிது. அட்டையின் 4 பக்கங்களைக் கழித்துவிடுங்கள். 68 பக்க இதழில் உள்ளே 64 பக்கம், அதாவது நடுவில் மடித்துப் பின் (ஸ்டேப்பிள்) அடித்த 16 தாள்கள். நடுப்பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் 16 அரைத்தாள், வலப்பக்கம் 16 அரைத்தாள் இருக்க வேண்டும். 60 பக்க இதழ் என்றால் இருபுறமும் 14. 52 என்றால் 12. இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்றால் ஏதோ ஒரு அரைத்தாள் கிழிந்து போயிருக்கிறது, அதன் மறுபாதி பின்னில் ஒட்டிக்கொண்டோ தனியாகவோ கிடக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகவே குறைந்தால் முழுத்தாள் ஒன்று கழன்று போயிருக்கிறது. பெரும்பாலும் அது நடுத்தாள்தான். பின்னின் இரு கால்களும் அதன்மேல்தான் மடிந்து அழுத்துகின்றன, துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது. நடுத்தாள் போனால் 4 பக்கம் போச்சு, கதையின் நடுவயிறே காணாது.

இன்னொரு ஏமாற்று, வேறொரு பிரதியிலிருந்து எடுத்த தாளைச் செருகி முழுமை என்று விற்பது. அந்தத் தாளின் நிறமும் ஓரத்தின் தேய்மானமும் பக்கத்துத் தாள்களோடு ஒத்துப்போகாது, பின் துளைகளும் இரட்டையாக இருக்கும். விற்பவர் அதைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் குற்றமில்லை. கூப்பன் வெட்டிய பக்கமும் இப்படித்தான்: விளம்பரத்தில் ஓட்டை விழுந்தால் மறுபக்கக் கதையில் ஒரு கட்டம் காணாமல் போகும்.

தாளும் தரமும்

உள்தாள் மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாள் காகிதம். மரத்தின் லிக்னின் அதில் அப்படியே இருக்கிறது. செய்முறையில் சேர்த்த படிகாரம் அமிலமாகிறது. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் பழுப்பாகி, கடைசியில் அப்பளமாக நொறுங்குகிறது. அட்டை வேறு வகைத் தாள், மேல்பூச்சு உண்டு. அதனால்தான் வெளியே அழகும் உள்ளே பொடியுமாக ஒரே இதழ் இருக்க முடிகிறது. நொறுங்கும் இதழுக்கு என்ன அட்டை இருந்தும் பயனில்லை. ஒருமுறை புரட்டினால் ஓரம் உதிரும். விற்பவரிடம் 'பக்கம் எப்படி இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'புரட்டும்போது துகள் உதிர்கிறதா' என்று கேளுங்கள். உள்பக்கப் படம் இரண்டு, நடுப்பக்கத்தில் பின்கள் தெரியும் படம் ஒன்று, அட்டையின் உட்புறப் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

தரமதிப்பு 0.5 முதல் 10 வரை. நினைவில் வைக்க வேண்டிய சில புள்ளிகள் போதும்: 1.0 மிகவும் அடிபட்டது, 2.0 அடிபட்டும் முழுமையாகப் படிக்கக்கூடியது, 4.0 தேய்ந்தாலும் கௌரவமானது, 6.0 நல்லது, 8.0-க்கு மேல் விலை எகிறும். போர்க்காலப் பிள்ளைகள் இவற்றைச் சுருட்டிப் பையில் செருகிப் படித்தார்கள், கைமாற்றினார்கள், கடைசியில் காகித சேகரிப்பு இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். மிஞ்சியதில் பெரும்பாலும் 1.0-க்கும் 4.0-க்கும் இடைப்பட்டவையே சந்தைக்கு வருகின்றன. புதியவருக்கு எங்கள் பரிந்துரை 2.0 முதல் 3.0 வரை: எல்லாப் பக்கமும் இருக்கும், முதுகில் சுருக்கம் இருக்கும், ஓரத்தில் கிழிசல் இருக்கும், தாள் வளையும். நொறுங்கும் 5.0-ஐவிட வளையும் 2.0 மேல்.

அட்டையே இல்லாத பிரதிகளும் வரும். உள்ளே முழுமையாக இருந்தால் பயிற்சிக்கு இதைவிட மலிவான பொருள் கிடையாது. கலர் ஜெராக்ஸ் அட்டை மாட்டியிருப்பார்கள், அதை மூல அட்டை என்று நம்பிவிட வேண்டாம்.

ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது

பழுதுபார்ப்பு என்றாலே கெட்டது அல்ல. சொல்லாமல் விற்பதுதான் கெட்டது, ஏனென்றால் பழுதுபார்த்த பிரதியின் விலை சரியும். தேவையான கருவிகள் மூன்று: 10 மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல்.

லென்ஸில் அச்சு வண்ணம் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். முதுகு மடிப்பிலோ மூலையிலோ புள்ளியே இல்லாமல் வண்ணம் ஒரே படலமாக இருந்தால் பேனாவோ தூரிகையோ பட்டிருக்கிறது. அட்டையின் உட்புறத்தில் அதே இடத்தில் மை ஊறித் தெரிகிறதா என்றும் பாருங்கள். இருட்டறையில் டார்ச் அடித்தால், நீல வெள்ளையாக ஒளிரும் இடம் பிற்காலத்துத் தாள் அல்லது பசை. வெளிரூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலானது போருக்குப் பிறகு. 1942 தாள் மங்கலாகவே தெரியும். இதழ் முழுவதுமே பளிச்சென்று ஒளிர்ந்தால் கையில் இருப்பது மறுபதிப்பு.

ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்பதை அளவுகோல் சொல்லும். அந்தக் காலத்து இதழ் ஏறத்தாழ 7¾ அங்குல அகலம், 10½ அங்குல உயரம். அச்சகம் வெட்டியதில் சிறு வேறுபாடு இயல்பு. ஆகவே அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஓரத்தின் நிறத்தையும் பாருங்கள். எண்பது வருட ஓரம் பழுப்பாக இருக்க வேண்டும். பக்கங்களின் நடு பழுப்பு, ஓரம் மட்டும் வெளிர் என்றால் கத்தி பட்டிருக்கிறது. பின்களும் பேசும்: தாளில் துருக்கறை, பின்னோ புத்தம் புதிது என்றால் மாற்றியிருக்கிறார்கள்.

சிஜிசி போன்ற நிறுவனங்கள் மதிப்பிட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருபவற்றில் லேபிள் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீலம் வழக்கமானது, ஊதா பழுதுபார்த்தது, பச்சை குறிப்பிட்ட ஒரு பெரிய குறையோடு மதிப்பிட்டது. நீல லேபிளிலும் 'சிறிதளவு வண்ணத் தொடுகை' போன்ற பொடி எழுத்துக் குறிப்பு இருக்கலாம். பழைய இதழ்களுக்கு அப்படி விட்டுக்கொடுப்பது உண்டு. தாளின் நிலையும் லேபிளில் இருக்கும். பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

விலையும் அஞ்சலும்

ஹெரிடேஜ், காமிக்கனெக்ட், காமிக்லிங்க் ஆகிய ஏல நிறுவனங்கள், ஈபே, அமெரிக்கக் கடைகளின் தளங்கள்: இவைதான் சந்தை. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே எண், அதே தரம், கடந்த ஓரிரு ஆண்டு விற்பனை மூன்று கிடைத்தால் ஓர் அளவு தெரிந்துவிடும். சில ஏலங்களில் கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போகலாம். அதோடு அஞ்சல், காப்பீடு, கார்டு நாணயமாற்றுக் கட்டணம், சுங்கவரி எல்லாம் சேர்த்து வீட்டு வாசலில் என்ன ஆகும் என்று ரூபாயில் போட்டுப் பார்த்த பிறகே ஏலத்தில் கை தூக்குங்கள். மலிவான 1.5 ஒன்றுக்கு அஞ்சல் செலவு இதழ் விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு சேர்த்து வாங்குவது இதனால்தான்.

பார்சல் கட்டுவது எப்படி என்பதை விற்பவரிடம் எழுதியே சொல்லிவிடுங்கள். உறையிட்ட இதழ், இருபுறமும் நெளி அட்டை, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதின் வரி குறுக்காகவும். அப்போதுதான் எந்தப் பக்கமும் மடங்காது. உறையின்மேல் டேப் ஒட்டும்போது அதன் முனையை மடித்து விடச் சொல்லுங்கள். வெளியே எடுக்கும்போது டேப்பின் பசை அட்டையில் பட்டால் அச்சு பெயர்ந்து வரும். சுங்கப் படிவத்தில் பழைய காமிக் புத்தகம், அச்சான ஆண்டு, உண்மையான விலை மூன்றும் இருக்க வேண்டும். விலையைக் குறைத்துப் போட்டால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

இந்திய வாசகர் அறிய வேண்டிய ஒரு சட்டம் உண்டு. அமெரிக்காவில் 1954-இல் செனட் விசாரணையும் காமிக்ஸ் தணிக்கை விதிகளும் வந்தன. பிரிட்டன் 1955-இல் சட்டம் போட்டது. இந்தியா 1956-இல் இளைஞர்களுக்குத் தீங்கு தரும் வெளியீடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம், வன்முறை, கொடூரம் ஆகியவற்றைப் படக்கதையாகச் சித்திரித்து இளையோரைக் கெடுக்கும் வெளியீடுகளை விற்பதும் பரப்புவதும் அதன் கீழ் குற்றம். அலமாரியை வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வந்த பிறகு

பார்சல் வந்ததும் பிரிக்கும் ஆசையை ஒரு நாள் அடக்குங்கள். விமானச் சரக்கறையின் குளிரிலிருந்து வந்த தாளைக் கடலோர ஊரின் ஈரக்காற்றில் உடனே திறந்தால் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டி அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரித்து, உலர்ந்த சுத்தமான கையால் பக்கம் எண்ணி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்களே. பிறகு இரண்டு மூன்று வாரம் மூடிய பையில் மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். ராமபாணப் பூச்சியும் முட்டையும் கூடவே வந்திருந்தால் பழைய சேகரிப்பு தப்பும்.

உறை வாங்கும்போது 'கோல்டன் ஏஜ்' (1940-களின் இதழ்) அளவு என்று கேட்டு வாங்குங்கள். இன்றைய காமிக்ஸ் உறை ஏறத்தாழ ஓர் அங்குலம் குறுகலானது. அதில் திணித்தால் ஓரம் மடங்கும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை சிறந்தது, 2 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் சாதாரண இதழுக்கும் 4 மில் விலை உயர்ந்ததற்கும் போதும். சாதா பாலிபுரோப்பிலீன் உறை என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக, கால்சியம் கார்பனேட் சேர்த்ததாக இருக்கட்டும். சட்டைப் பெட்டியில் வரும் அட்டையைச் செருகினால் அதன் அமிலம் தாளுக்கு இறங்கும்.

அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் அது தானாக நடக்காது. சிறிய ஈரப்பதமானி ஒன்றும், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும், அதற்குள் சிலிகா ஜெல் பைகளும் வேண்டும். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் எப்போது சூடாக்கி மறுபடி பயன்படுத்துவது என்று தெரியும். ஈரம் கூடினால் முதலில் துருப்பிடிப்பது பின். அதைச் சுற்றித் தாள் அரித்து நடுத்தாள் கழலும். அந்துருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், நாற்றம் தாளில் ஊறினால் போகாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, பரண், குளியலறைக்குப் பக்கத்துச் சுவர் மூன்றும் ஆகாது. இதழ்களைச் சாயாமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். நொறுங்கும் நிலையில் இருப்பவற்றை மட்டும் பத்துக்கு மேல் போகாமல் படுக்கை வசத்தில் அடுக்கலாம்.

கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த பின்னை நீங்களே கழற்றாதீர்கள், அழுக்கை ரப்பரால் தேய்க்காதீர்கள். ஒரு நோட்டில் எண், அட்டைத் தேதி, எண்ணிப் பார்த்த தாள் கணக்கு, குறைகள், வாங்கிய இடம், வாசல் வரை ஆன செலவு ஆகியவற்றை எழுதிவையுங்கள். நாளை அதே இதழின் இன்னும் நல்ல பிரதி வந்தால், எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எவ்வளவுக்குக் குறைந்தால் நஷ்டம் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.